மஞ்சள் பட்டைப் பீப்பாய்

கிழக்கு வெளுக்குமுன்பே எட்டுப் பேரின் தோளிலும் கழி ஏறிவிட்டது. திருவொற்றியூர் உப்பளத்து ஓரம் ராணுவம் விட்டுப்போன கொட்டகையிலிருந்து சுப்புராஜ் முதலாளியின் கிடங்குக்கு அரை மைல். ஒரு பீப்பாய்க்கு நான்கு பேர். சேறு காலைப் பிடித்து இழுத்தது, கழி தோள்பட்டையை அரைத்தது. வெள்ளைக்காரன் போய் ஒரு வருஷம் ஆகியும் அவன் சுமை மட்டும் இவர்கள் தோளைவிட்டு இறங்கவில்லை.

பழைய இரும்போடு சேர்த்து முதலாளி ஏலத்தில் எடுத்த பீப்பாய்கள் பத்தொன்பது. ஒவ்வொன்றின் இடுப்பிலும் மஞ்சள் பட்டை. அதில் ஒன்று கசிந்தது. பழுப்பாக, பிசுபிசுப்பாக, வெள்ளைப்பூண்டு வாடையோடு. பாரம் தூக்குகிறவன் கசிகிற எண்ணெயைக் கண்டால் விடுவானா? கடலையெண்ணெயோ விளக்கெண்ணெயோ, கசிந்ததைப் பிடித்து முட்டியில் தேய்த்துக்கொள்வான். அந்தக் கூட்டத்துக்கு அதுதான் வைத்தியம். தண்டபாணி ஒரு கொட்டாங்கச்சியில் பிடித்து, கூட்டாளி தமீமிடம் நீட்டினான்.

"முட்டி வலிக்குதுன்னு பேஜார் பண்ணிக்கினு இருந்தியே பாய், தேச்சுக்கோ."

"இன்னாடா இது, பூண்டு நாத்தம் அடிக்குது?"

"மருந்துன்னா நாத்தம் அடிக்கத்தான் செய்யும் நைனா."

தமீம் சிரித்துக்கொண்டே தேய்த்துக்கொண்டார். அதே கையால் முகத்து வியர்வையையும் துடைத்தார். பகல் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. பொழுது சாய்கையில் முட்டியில் கோழிமுட்டை அளவு கொப்புளங்கள் எழும்பின. கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. தண்டபாணியின் உள்ளங்கையும் வெந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த டாக்டர் ஒருவர், கொப்புளத்தைப் பார்த்ததுமே பீப்பாயில் என்ன நிறப் பட்டை என்றுதான் கேட்டார்.

"அது எண்ணெய் இல்லப்பா. சண்டையில மனுஷனைக் கொல்றதுக்குச் செஞ்ச விஷம். சந்தையில ஒரு பீப்பாயை உடைச்சு ஊத்தினா நூத்துக்கணக்குல வெந்து சாவாங்க. இவருக்குக் கண்ணு தெரியுமான்னு இப்பச் சொல்ல முடியாது."

என் கையாலேயே கொடுத்தேனே, என் கையாலேயே கொடுத்தேனே என்று தண்டபாணி விடியும்வரை மருகினான். அழக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் காலை கிடங்கு வாசலில் லாரி நின்றது. நேற்று பீப்பாய்கள் கிடங்குக்கு வந்துசேர்ந்தபோது காரில் ஒரு ஆள் வந்து எண்ணிவிட்டுப் போயிருந்தான். அவன்தான் அவற்றை வாங்கியவன், பெயரில்லை, ஊரில்லை. மற்ற ஆறு பேரும் தண்டபாணி சொன்னதைக் கேட்டு, அவனோடு, கழியைக் கீழே போட்டுவிட்டுக் கிடங்குக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சங்கத்து லோகநாதன் சைக்கிளில் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தார். இந்தச் சரக்கை யாரும் தொடவேண்டாம் என்று சொல்ல, போகிற வழியில் துறைமுகத்துக்கும் பெரம்பூர் ரயில் பட்டறைக்கும் ஆள் அனுப்பியிருந்தார்.

சுப்புராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்னலே, மறியலா? வாங்குதவன் சோப்பு காய்ச்சுவான், தார் காய்ச்சுவான். ஒங்களுக்கென்ன?"

"சோப்பு காய்ச்சறவன் கையில ரப்பர் உறை மாட்டிக்கினு, மூக்குல துணி கட்டிக்கினு, தூரமா நின்னு எண்ணுவானா மொதலாளி? மஞ்சப் பட்டை மேல தார் பூசச் சொன்னானே, இன்னாத்துக்கு?" என்றான் தண்டபாணி.

சுப்புராஜின் முகம் ஒரு கணம் செத்தது. அவருக்கு நேற்றே தெரியும்.

"வித்த பொருளுக்கு நான் பொறுப்பில்ல."

"தூக்கிக் கொடுத்தா நாங்க பொறுப்பு." தண்டபாணி வெந்த கையை விரித்துக் காட்டினான். "இன்னான்னு தெரியாம ஒருத்தனுக்குக் கொடுத்தேன். அவனுக்குக் கண்ணு போச்சு. தெரிஞ்சுக்கினே ஊருக்குக் கொடுக்கணுமா? எந்த ஜனம் மேல ஊத்துவான்? எங்க ஆளுங்க மேலயா, பாயோட ஆளுங்க மேலயா?"

"மீஞ்சூர்ல ஆளில்லையாலே? மத்தியானத்துக்குள்ள கொண்டாருவேன். ஏ முப்பிடாதி, கதவைத் தொற!"

காவலாளி முப்பிடாதி முதலாளியின் ஊர்க்காரன். பதினோரு வருஷமாக அவர் சொல்லை மீறாதவன். அவன் மெதுவாக நடந்துவந்து, கதவைத் திறக்காமல், தண்டபாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சாவி எம்மடியிலதான் இருக்கு மொதலாளி. சர்க்கார் ஆபீசர் வந்து கேக்கட்டும், தாரேன்."

"சொந்த ஊர்க்காரன்னுதானலே காவலுக்கு வச்சேன்!"

"காவல்தான் பாக்கேன்."

போலீசைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு முதலாளி போனார். லாரி போகவில்லை. வெயில் ஏறியது. போலீஸ் பீப்பாய்களுக்கு வருமா, தங்களுக்கு வருமா என்று யாருக்கும் தெரியாது. லோகநாதனும் திரும்பவில்லை. அசந்துபோன உடம்புகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தன.

உச்சிவெயிலில் தமீமின் மனைவி காத்தூன் பீவி ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்தாள். தண்டபாணி தலையைக் குனிந்துகொண்டான்.

"அவரு கண்ணைக் கட்டிப் போட்டுக்கீறாங்க. முழிப்பு வந்ததும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அதை ஏத்திட்டானுங்களான்னு."

"ஏத்தலைக்கா. போய்ச் சொல்லு."

அவள் அந்த எட்டுப் பேரையும் பார்த்தாள்.

"நாளைக்கும் கேப்பாரே."

"நாளைக்கும் இதையே சொல்லுக்கா," என்றான் முப்பிடாதி.