சங்கு ஊதிய பின் சாலையில்

மாலை ஜெபத்துக்கான சங்கு ஊதியதும் இயனேட்டா தன் மகள்கள் இருவரையும் பாயில் உட்காரவைத்தாள். அடுத்த சங்கு ஊதும்வரை அந்தத் தீவுக் கிராமத்துச் சாலையில் யாரும் நடக்கக் கூடாது. லாவாலாவா என்னும் இடுப்புத் துணியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டிய ஆண்கள் வழிநெடுக நின்று காவல் காத்தார்கள்.

ஜெபப் பாட்டில் அவள் மனம் நிற்கவில்லை. கடற்கரையில் அவள் நடத்தும் குடில்களில் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரத் தம்பதி இன்னும் திரும்பவில்லை. போன மாதம் வேறொரு விருந்தாளி நீச்சலுடையோடு போதகர் வீட்டைக் கடந்துபோனதற்கே ஊர்ச்சபை அவளைக் கூப்பிட்டுக் கண்டித்திருந்தது. இன்னொரு தடவை நடந்தால் குடில்களை மூட வேண்டியதுதான்.

காலையில் அந்தத் தம்பதியில் மனைவியான கொரினிடம் சொல்லத்தான் செய்தாள்.

"கடல்ல எப்படி வேணா குளிங்க. ஊருக்குள்ள வரப்போ மட்டும் இதச் சுத்திக்கிடுங்க."

கொரின் துணியை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "எங்க ஊர் நீச்சல்குளத்துல இப்படித் தொளதொளன்னு கட்டிட்டு எறங்கினா விசிலடிச்சு வெளிய அனுப்பிருவாங்க. என் புருஷன் அரைக்கால் டவுசர் போட்டுப் போய்த் திரும்பி வந்திருக்கார்."

இயனேட்டாவும் கூடச் சிரித்தாள். விருந்தாளி முகம் கோணக் கூடாது. மேற்குக் கரையில் பவளத் திட்டு பிளந்திருக்கும் இடத்தில் நீர் வெளியே இழுக்கும், அங்கே இறங்காதீர்கள் என்று அவள் எச்சரித்ததுகூட அந்தச் சிரிப்போடு சிரிப்பாகப் போய்விட்டது.

இப்போது சாலையில் ஆண்குரல்கள் கேட்டன. பிறகு ஒரு பெண்ணின் கத்தல்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே ஒரு துணியை உருவிக்கொண்டு எழுந்தாள். ஜெப நேரத்தில் வெளியே வருவதும் குற்றம்தான்.

சாலை நடுவில் கொரின் ஈரம் சொட்ட நின்றாள். உடம்பில் இரண்டு துண்டுத் துணி. முழங்காலில் ரத்தம். எந்தப் பக்கம் போனாலும் ஒருவன் கையை விரித்து மறித்தான். மறித்தவர்கள் எல்லோரும் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அவளோ மூச்சிரைக்கத் தன் மொழியில் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒருவருக்கும் புரியவில்லை.

"அண்ணி, மொதல்ல அதுக்குத் துணியக் கட்டிவிடு." இயனேட்டாவின் கொழுந்தன் பெலெனாடோ திரும்பாமலே பல்லைக் கடித்தான். "இந்தத் தடவ சபைல ஒனக்காக நான் வாயத் தொறக்க மாட்டேன்."

கோபத்தோடு போர்த்தப் போனவளின் மணிக்கட்டை கொரின் இறுக்கிப் பிடித்தாள். மேற்கே கை நீட்டினாள். "தியெரி," என்றாள். "தியெரி."

அது அவள் கணவனின் பெயர். இயனேட்டா கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"பெலெனாடோ, இவ புருஷன் தண்ணில கெடக்கான். பொளவுல இழுத்துட்டுப் போயிருச்சு."

"ரெண்டாஞ் சங்கு இன்னும் ஊதலையே அண்ணி."

"நீ சங்குக்கு நில்லு. நான் படகத் தள்றேன்."

அவள் ஓடினாள். பின்னால் காவல் கழி ஒன்று தரையில் விழும் சத்தமும் தடதடவென்று காலடிகளும் கேட்டன. படகு நீரைத் தொட்டபோது பெலெனாடோ துடுப்போடு உள்ளே இருந்தான். கூட இன்னும் இருவர். அவளைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. பின்னாலேயே ஓடிவந்திருந்த கொரின் நடுங்கிய நடுக்கத்தில் போர்த்திய துணி நழுவி நழுவி விழுந்தது. இயனேட்டா அதை எடுத்து எடுத்துப் போர்த்தினாள். கடலில் படகு தெரியவில்லை. ஊரில் இரண்டாம் சங்கு ஊதியது.

கடைசியில் துடுப்புச் சத்தம்தான் முதலில் வந்தது. பவள விளிம்பைப் பற்றிக்கொண்டு கிடந்திருக்கிறான் தியெரி. மார்பும் கைகளும் கிழிந்திருந்தன. உயிர் இருந்தது.

மறுநாள் சபை கூடியது. குடில்களை மூடச் சொல்லவில்லை. ஆனால் இயனேட்டா அபராதமாக ஒரு பன்றி தர வேண்டும் என்றார் மூத்த தலைவர்.

"உசிரக் காப்பாத்தினதுக்கு யாரும் குத்தம் சொல்லல தாயி. ஆனா அந்தத் தண்ணிய நீ எத்தன வருஷமாப் பாக்குற? விருந்தாளி மனசு நோகுமேன்னு அழுத்திச் சொல்லாம மென்னு முழுங்கிட்டியே."

இயனேட்டா பன்றி தர ஒப்புக்கொண்டாள்.

பன்றியை ஓட்டிப்போக பெலெனாடோ வந்தபோது கொரின் குடில் வாசலில் அமர்ந்திருந்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"என்னாலதானே இது? நான் குடுக்கிறேன்."

"வேண்டாம். இது என் தப்புக்கு."

கொரின் பெலெனாடோவைப் பார்த்தாள். "என் புருஷன இவர்தான் கொண்டுவந்தார். அதுக்கு நான் சாகிறவரைக்கும் கடமைப்பட்டவ. ஆனா நான் கதறினப்போ இவங்க எனக்கு முதுகக் காட்டினாங்க. அதையும் மறக்க மாட்டேன்."

"உங்க மானத்துக்காகத்தான் திரும்பி நின்னாங்க," என்றாள் இயனேட்டா.

"தெரியும். தெரிஞ்சும்தான் சொல்றேன்."

ஆங்கிலம் பிடிபடாத பெலெனாடோ அண்ணியைப் பார்த்தான். அவள் ஒரு சொல் விடாமல் எடுத்துச் சொன்னாள். அவன் பன்றிக் கயிற்றைக் கையில் சுற்றினான்.

"மறக்க வேண்டாம்னு சொல்லு அண்ணி," என்றான். "எனக்கும் ராத்திரி தூக்கம் வரல."

அதையும் அவள் சொன்னாள்.