ஐந்தரையாவது இடம்

தேடுபொறியில் எந்தக் கடை எத்தனையாவதாக வருகிறதோ, அதே வரிசையில்தான் பழுதுபார்க்கும் தெருவின் பத்துக் கடைகளும் தினமும் விடியும்போது நின்றன. பேருந்து நிறுத்தத்தை ஒட்டியது முதல் இடம். சிமெண்ட் கிடங்கின் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது பத்தாவது. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை இது ஆரம்பித்தது. முதல் வாரம் எல்லோரும் பதறினார்கள். இரண்டாவது வாரம் மின்சார அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கம்பிகளைக் கொஞ்சம் தாராளமாக விட்டுக் கட்டிவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் தபால்காரர் கதவிலக்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கடிதம் போடப் பழகிக்கொண்டார். கடைகள் நகரும்போது சத்தம் வராது. உள்ளே தூங்குகிறவர்களுக்குப் புரண்டு படுத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இடம் மாறுவதைத் தெரு தாங்கிக்கொண்டது. ஏன் மாறுகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் உறுத்தியது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவன் சதவீதம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அவனே அதற்குத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டிருந்தான். விளம்பர நிறுவனம் ஒன்றில் எண்களைப் படமாக வரைந்து காட்டும் வேலையிலிருந்து, மேலாளரோடு முறைத்துக்கொண்டு வெளியே வந்தவன், தன் அக்காவின் சூட்கேஸ் கடையில் ஒரு மூலையைப் பிடித்து மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தேடுபொறி தரும் புள்ளிவிவரங்களைப் படித்து, ஒவ்வொரு கடைக்கும் வாராவாரம் ஓர் அறிக்கை தயாரித்துக் கொடுத்தான், கடையின் மின்னஞ்சல் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அனுப்பியும் வைத்தான். எதையும் பூசி மெழுகுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கடிகாரக்காரரைப் போன மாதம் ஒருவர் தேடியிருந்தார், இந்த மாதம் இரண்டு பேர் தேடியிருந்தார்கள். நூறு சதவீத வளர்ச்சி என்று எழுதிக் கொடுத்தான். கடிகாரக்காரர் தலைகால் புரியாமல் தெரு முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். ஆறிலிருந்து ஒன்பதுக்குப் போய்விட்ட இஸ்திரிப்பெட்டிக்காரருக்கு, சரிவின் வேகம் குறைந்திருப்பதாக எழுதினான். அவரும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

குடைக்காரர் விஷயம் மட்டும் அவன் கைக்கு அடங்கவில்லை. குடைக்காரர் தினமும் தன் ஃபோனில் தன் கடையைத் தானே தேடிப் பார்ப்பார், அதில் எப்போதும் முதல் இடத்தில் இருப்பார். தெருவில் அவர் எட்டாவது. ஆனாலும் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு நேரே பேருந்து நிறுத்தத்துக்குப் போய், செருப்புக் கடையின் பூட்டில் விட்டுத் திருகிக்கொண்டிருப்பார். செருப்புக்காரர் கோபப்படாமல் தோளைப் பிடித்துத் திருப்பி எட்டாவது இடத்தைக் காட்டுவார். “உங்க ஃபோனுக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு, அதான் அப்படிக் காட்டுது” என்று சதவீதம் விளக்கினான். குடைக்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொன்னார்.

சூட்கேஸ் கடைக்காரியைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிட்டது, அவளைவிட மூத்தவர்கள் உட்பட. அவள் கடைக்கு இரண்டு இடங்கள்தான் தெரியும். ஊர் ஜனம் பயணம் கிளம்பி, “சூட்கேஸ் சக்கரம் மாற்ற” என்று தேடும் நாட்களில் கடை முதல் இடத்தில் நின்றது. பள்ளிக்கூடம் திறந்து, “ஸ்கூல் பை தைக்க” என்று தேடும் நாட்களில் கிடங்குச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டையும் கூட்டி வகுத்து, உங்கள் கடையின் சராசரி இடம் ஐந்தரை என்று சதவீதம் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டான். ஐந்தாவது கடைக்கும் ஆறாவது கடைக்கும் நடுவில் ஒரு சாக்கடை மூடியும் ஒரு மின்கம்பமும் இருந்தன. நான்கு வருடத்தில் கடை ஒரு நாள்கூட அங்கே நின்றதில்லை. அறிக்கையை நம்பி வந்த ஒன்றிரண்டு வாடிக்கையாளர்கள் மூடியின்மேல் நின்று கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

“ஒரு நாள்கூட நிக்காத இடத்தை எப்படிடா என் இடம்னு எழுதுற?” என்று அக்கா கேட்டாள்.

“அது சராசரிக்கா. சராசரியில யாரும் குடியிருக்க மாட்டாங்க.”

அக்காவின் கணவரைத் தெருவில் கப்பல்காரர் என்பார்கள். சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. முன்பெல்லாம் ஆறு மாதம் கப்பல், ஆறு மாதம் வீடு என்று இருந்தவர், இரண்டு வருடங்களுக்கு முன் வீட்டுக்கு வந்த பத்தாம் நாளே இன்னொரு கப்பலுக்குச் சரி என்று சொல்லிவிட்டார், அவளைக் கேட்காமல். கிளம்புகிற அன்று பார்த்தால் அவர் சூட்கேஸில் ஒரு சக்கரம் இல்லை. ஊர்ப்பட்ட சூட்கேஸுக்கெல்லாம் சக்கரம் போட்டவள், அவர் சூட்கேஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “போறவங்க இருக்கிற சக்கரத்துல போகட்டும்” என்றாள். அவரும் வீம்புக்கு அதையே இழுத்துக்கொண்டு போனார். மூன்று சக்கரம் உருள, ஒரு மூலை தரையைத் தேய்த்துக்கொண்டு போன சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அதற்கப்புறம் அவர் பேசட்டும் என்று இவளும், இவள் பேசட்டும் என்று அவரும் இருந்துவிட்டார்கள். சம்பளம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

வாராவாரம் அறிக்கை வந்ததும் அக்கா ஒரு கேள்வி கேட்பாள், வியாபாரத்துக்காகக் கேட்பதுபோல, முகத்தைப் பையின் கிழிசலுக்குள் வைத்துக்கொண்டு. வெளியூரிலிருந்து யாராவது தேடியிருக்கிறார்களா என்பாள். இல்லை என்பான் சதவீதம். அவன் அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு கூட்டல் இடித்துக்கொண்டே இருந்தது. தேடுபொறிக்கு ஒரு நாகரிகம் உண்டு. பலர் தேடிய சொற்களைப் பட்டியல் போட்டுக் காட்டும். ஒரே ஒருவர் மட்டும் தேடிய சொற்களை, அந்த ஆள் யாரென்று தெரிந்துவிடுமே என்று காட்டாமல் மறைத்து, மொத்தத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளும். அதனால் பட்டியலை எத்தனை முறை கூட்டினாலும் மொத்தத்தைவிட மாதத்துக்கு முப்பதுக்குக் கொஞ்சம் முன்பின் குறைந்தது. அதைச் சதவீதம் “மற்றவை” என்று கடைசி வரியில் தள்ளிவிட்டான். சராசரியிலும் சேர்க்கவில்லை. அந்த வரியில் ஒரு விசித்திரம் உண்டு: அத்தனை முறையும் கடை தேடியவர் கண்ணில் பட்டிருந்தது, ஒரு முறைகூட யாரும் அதைத் தொட்டு உள்ளே வந்ததில்லை.

“யாருடா இது, தினம் வந்து பார்த்துட்டு வாசலோட போறது?”

“யாரும் இல்லக்கா. இது வெறும் இரைச்சல். கணக்குல வராது.”

அந்த வருடம் பள்ளிகள் திறப்பதற்கு முந்தைய வாரம் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். வேறொரு நகரத்தில் பை தயாரிக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை வந்திருந்தது. கடையை மாதக் கடைசியில் குடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகப்போவதாகச் சொன்னாள். சதவீதத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் இடத்துக்கு வர வழி இருக்கிறது, இன்னும் இரண்டு சொற்களைப் பிடித்தால் போதும் என்று படம் வரைந்து காட்டினான். “தேட ஆள் இல்லாதவ முதல் இடத்துல இருந்தா என்ன, சுவத்தோரம் இருந்தா என்ன” என்றாள் அவள். குடைக்காரர் அன்று மாலையே அளவு நாடாவோடு வந்தார். முதல் இடத்தில் இருக்கிற கடைக்கு இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அளந்தார்.

மாதம் முடிய நாலைந்து நாள் இருந்தபோது, ஒரு காலை, சதவீதம் பேருந்து நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். கடைகள் அன்றைய இடங்களுக்கு வந்து ஷட்டர்கள் ஏறத் தொடங்கியிருந்தன. சூட்கேஸ் கடை சுவரோரம் இருந்தது. அப்போது அவன் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது, மூன்று சக்கரம் உருள ஒரு மூலை தேய்கிற சத்தம். கப்பல்காரர் இளைத்திருந்தார், காது மடல்வரை கறுத்திருந்தார். அவனைக் கவனிக்காமல் கடைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே போய், ஐந்தாவதைத் தாண்டி, சாக்கடை மூடியின்மேல் நின்றார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். சதவீதம் டீ கிளாஸோடு ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றான். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். சதவீதத்தின் அறிக்கை. வாராவாரம் அதை யார் யாருக்கு அனுப்புகிறோம் என்று சதவீதம் பார்த்ததே இல்லை. அத்தானின் முகவரி பழைய பட்டியலிலேயே கிடந்திருக்கிறது.

“மாப்ள, அஞ்சரைன்னு எழுதியிருக்கே. இங்க கம்பம்தானே இருக்கு?”

“அது சராசரி, அத்தான்.”

“அப்படின்னா?”

“அங்க இருக்காதுன்னு அர்த்தம்.”

கப்பல்காரர் தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்புறம் எதுக்கு எழுதுன?” என்று கேட்டார். சதவீதம் சுவரோரத்தைக் கையால் காட்ட நினைத்தான், அதற்குள் அவர் ஃபோனை எடுத்துவிட்டார். “பரவாயில்ல, நான் வழக்கமா தேடுற மாதிரியே தேடிக்கிறேன்” என்றார். தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். சதவீதம் எட்டிப் பார்த்தான். “மூணு சக்கரத்தோட என்னை அனுப்பி வெச்ச கோவக்காரி கடை எங்கே” என்று இருந்தது. உலகத்தில் இருக்கிற அத்தனை கடைகளிலும் ஒரே ஒரு கடைதான் வந்தது.

“தினமுமா தேடுவீங்க?”

“சிக்னல் கிடைக்கிற அன்னிக்கெல்லாம். கடை இருக்கான்னு பார்த்துட்டா தூக்கம் வரும்.”

“ஒரு தடவைகூட உள்ள வரலையே, அத்தான்.”

“கோவமா இருக்கிற வீட்டுல எப்படிடா கதவைத் தட்டுறது?”

இரண்டு வருடமாகத் தான் கடைசி வரியில் தள்ளிவிட்ட இரைச்சல், மூன்று சக்கர சூட்கேஸோடு எதிரில் நிற்பதைச் சதவீதம் பார்த்தான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. டீ சூடு என்று பாவனை செய்துகொண்டான். “இப்பத் தட்டுங்க” என்றான்.

கப்பல்காரர் திரையைத் தொட்டார். விடிந்தபிறகு எந்தக் கடையும் நகர்ந்ததில்லை, அன்று நகர்ந்தது. சுவரோரத்திலிருந்து கிளம்பி, இஸ்திரிப்பெட்டிக் கடையைத் தாண்டி, குடைக்கடையைத் தாண்டி, யாரையும் இடிக்காமல் வந்தது. “முதல் இடத்துக்கா போறீங்க?” என்று குடைக்காரர் கவலையோடு விசாரித்தார். உள்ளே அக்கா மடியில் ஒரு ஸ்கூல் பையோடும் கையில் ஊசியோடும் உட்கார்ந்திருந்தாள். கப்பல்காரர் பின்னால் ஓரடி வைத்து வழிவிட்டார். மின்கம்பமும் ஒரு முழம் விலகிக்கொண்டது. கடை சாக்கடை மூடியின்மேல் வந்து நின்றது. அக்கா தலையை நிமிர்த்திப் புருஷனைப் பார்த்தாள், பிறகு சூட்கேஸைப் பார்த்தாள்.

“ரெண்டு வருஷமா இதைத்தான் இழுத்துக்கிட்டு இருந்தீங்களா?”

“வேற யாரையும் சக்கரம் போட விடல.”

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். சூட்கேஸைப் பிடுங்கி மேசைமேல் கவிழ்த்தாள். இல்லாத சக்கரத்தைப் போடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்த தெருவுக்கு முன்னால், திருப்புளியை எடுத்து மிச்சமிருந்த மூன்று சக்கரங்களையும் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டு, பூட்டி, சாவியைப் புடவையில் முடிந்துகொண்டாள். “இப்ப உள்ள வாங்க” என்றாள். கப்பல்காரர் போனார்.

அதன்பிறகு அந்தக் கடை நகரவில்லை. மற்ற ஒன்பதும் தினமும் விடியும்போது முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டிருக்க, அது மட்டும் சாக்கடை மூடியின்மேல் நிற்கிறது. சாக்கடையைச் சுத்தம் செய்கிறவர் மாதம் ஒருமுறை வந்து, கப்பல்காரரை எழுப்பி, மேசையை நகர்த்தச் சொல்லி, மூடியைத் திறந்து வேலையை முடித்துவிட்டுப் போகிறார். குடைக்காரர் அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டார். எப்படியும் முதல் இடம் தன்னுடையதுதானே என்று ஆறுதல். சதவீதம் மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “நான் அப்பவே எழுதினேன், அஞ்சரைன்னு” என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அடுத்த மாதக் கடைசியில் கூட்டல் போட உட்கார்ந்தான். தேடிக்கொண்டிருந்தவர் வீட்டுக்கே வந்துவிட்டதால், இந்த முறை பட்டியலும் மொத்தமும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்த்தான். ஒத்துப்போகவில்லை. முப்பது குறைந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது அறுபது குறைந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தான். மேசைக்கு அந்தப் பக்கம் கப்பல்காரர் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு எதையோ எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அக்கா, பையின் கிழிசலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே ஃபோனையும் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்ன தேடுகிறாள் என்று தேடுபொறி சொல்லவில்லை, அதற்கு நாகரிகம் உண்டு. சதவீதம் கடைசி வரியில் இருந்த “மற்றவை”யை அழித்துவிட்டு, “குடும்ப விவகாரம்” என்று எழுதி, அறிக்கையை எல்லோருக்கும் அனுப்பி வைத்தான்.