பெரிய நோம்பி வரைக்கும்

வக்கீல் பூங்குழலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்ததுமே அர்த்தனாரிக்கு விசயம் விளங்கிவிட்டது. நல்ல சேதி சொல்கிறவர்கள் ஏன் கண்ணாடியைக் கழற்றப் போகிறார்கள்?

"கெடு தாண்டிருச்சுங்க" என்றாள். "இந்த மாதிரி கேசை ரெண்டு வருசத்துக்குள்ள போட்டிருக்கோணும். உங்களுக்கு மூணு வருசம் ஆகப்போவுது."

"ஏனுங்க, செத்ததுக்குக்கூடவா கெடு?"

கீழே சேந்தமங்கலம் கடைவீதியில் பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான்.

அர்த்தனாரியின் பெண்டாட்டி கலைமணி மலையில் மிளகு பறிக்க ஏணி ஏறியபோது, அறுந்து கொடிக்குள் கிடந்த கரண்ட் கம்பியில் கை வைத்துவிட்டாள். கம்பி தொங்குகிறது என்று சொல்ல இருவரும் கரண்ட் ஆபீசுக்கு நடையாய் நடந்தது ஊருக்கே தெரியும். ஆபீஸ்காரர்கள் எழுதியதோ வேறு. இரும்புத் தொரட்டியால் அவளே கம்பியை இழுத்தாளாம். செத்தவள் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப் போகிறாள்? காசு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். அவள்மேல் தப்பில்லை என்று ஒரு ஜட்ஜ் வாய் திறந்து சொல்ல வேண்டும். அர்த்தனாரி கேட்டது அவ்வளவுதான்.

அன்றைக்கு ஊரே பிணத்தை எடுக்க விடாமல் மறித்து நின்றது. பேச வந்த கரண்ட் ஆபீஸ் அதிகாரி கோயிலுக்குப் போய், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார். "அடுத்த பெரிய நோம்பிக்குள்ள ரிப்போர்ட்டை மாத்தித் தரேன், இது சத்தியம்" என்றார். ஒருவர் கற்பூரம் அணைத்தால் எதிராளியும் அணைக்க வேண்டும், சொன்ன நாள் வரை வழக்கை மலையை விட்டு இறக்கக் கூடாது. அது அந்த ஊர்க் கட்டு. அர்த்தனாரியும் அணைத்தான். ஊர்த் திருவிழாவான பெரிய நோம்பி மூன்று வருசத்துக்கு ஒரு தடவைதான். அப்போதுதான் ஒன்று முடிந்திருந்தது. அது அந்த அதிகாரிக்குத் தெரியுமோ தெரியாதோ, சாமிக்கே வெளிச்சம்.

அவர் மாற்றலாகிப் போனதும் மகள் கீர்த்தனா கெஞ்சினாள். "அப்பா, கீழ போயி ஒரு வக்கீலைப் பாருங்கப்பா."

"வாயை மூடு! சாமி குத்தம் ஆயிரும்" என்று அதட்டினான். அப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன வாரம் நோம்பி நடந்தது. ரிப்போர்ட் அப்படியேதான் இருந்தது. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினவன் என்று கோயிலில் அர்த்தனாரிக்குப் பரிவட்டம் கட்டினார்கள். பாவி மனுசன், தலையில் துணியைச் சுற்றும்போது பூரித்துப் போய் நின்றான்.

"சத்தியம் பண்ணினதெல்லாம் கோர்ட்டுல எடுபடாதுங்க" என்றாள் பூங்குழலி. "ஹைகோர்ட்டுல கேட்டுப் பாக்கலாம். ஆனா இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க."

"சும்மா இல்லீங்க" என்றான். "வாக்கைக் காப்பாத்திட்டு இருந்தனுங்க."

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முக்கி ஏறியது. மகளுக்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தான். ஒரு பொய்கூட வாய்க்கு வரவில்லை.

கீர்த்தனா வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்கப்பா சொன்னாங்க?"

"நாள் போயிருச்சு கண்ணு."

அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அம்மாவின் படத்துக்குக் கீழே அவன் மடித்து வைத்திருந்த பரிவட்டத் துணியை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.

"இதை அங்க வெக்காதீங்கப்பா" என்றாள். "அம்மா பாக்குது."