எல்லாம் துபாய்தான்

கச்சிராயபாளையத்துக்காரன் ஏரோப்ளேன் ஏறிவிட்டால் போகிற இடம் துபாய்தான். குவைத்துக்குப் போனவனும் துபாய்க்காரன், மஸ்கட்டுக்குப் போனவனும் துபாய்க்காரன். சுப்புராயனைக் கம்பெனி பாதியில் நைஜீரியாவுக்கு மாற்றியது. அந்தப் பெயர் அவன் மனைவி செவ்வந்தியின் வாயில் நுழையவில்லை. "எந்த நாடா இருந்தா இன்னா, துபாய்தான்" என்று விட்டுவிட்டாள்.

ஊர் திரும்பிய வாரமே காய்ச்சல். குளிரில் கட்டில் ஆடியது. கண் மஞ்சளானதும் கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"எங்கேர்ந்து வந்தாரு?"

"துபாய்ங்க."

"துபாயா? அங்க கொசு ஏது? காமாலைதாம்மா. எண்ணெ சேக்காத, மோர் குடு."

மோரும் கரும்புச்சாறுமாகக் கொடுத்தாள். ஒருநாள் காலை அவளையே உற்றுப் பார்த்தான்.

"நீ யாரு?"

"செவ்வந்திங்க."

"அவ ஊர்ல இல்ல இருக்கா!"

அவள் போட்ட கூச்சலில் அவளுடைய அண்ணன் சடையன் ஜீப்போடு வந்துவிட்டான். "பாண்டிச்சேரிக்குத் தூக்கு. இங்க வச்சிக்கினு இன்னா பண்றது?"

எலவனாசூர்கோட்டை தாண்டியதும் ரோட்டின் குறுக்கே புளியமரம் கிடந்தது. இடஒதுக்கீட்டு மறியல்.

"நேத்து நானும் உங்ககூட நின்னவன்தாண்டா! வழி வுடுங்க!" என்று சடையன் கத்தினான்.

"வுடறோம்ண்ணே, மரத்த யாரு தூக்கறது? உளுந்தூர்பேட்டை வரைக்கும் வெட்டிப் போட்டுக்கீறோம்."

நின்றுபோன பஸ்ஸிலிருந்து ஒரு டாக்டரம்மா இறங்கி வந்து சுப்புராயனின் இமையை விலக்கிப் பார்த்தார்.

"வெளிநாடா?"

"துபாய்ங்க."

சுப்புராயன், "லாகோஸ்ல மழ... லாரிய மூடு" என்று உளறினான்.

"அது ஆப்பிரிக்கா ஆச்சே?"

"கம்பெனி மாத்திட்டாங்க. நாங்க எல்லாத்தையும் துபாய்னுதாங்க சொல்லுவோம்."

டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். "இது அந்த ஊரு மலேரியாம்மா. மூளைக்கு ஏறிடுச்சி. அதுக்கு ஊசி இருக்கு. எங்கிட்ட இல்ல."

"மொதல்லயே சரியாச் சொல்லியிருந்தா இப்பிடி ஆயிருக்காதுங்களா?"

"பேசிக்கினு நிக்காத, உளுந்தூர்பேட்டை ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் தூக்கச் சொல்லு."

மரம் வெட்டிய பையன்களே வேட்டியில் தூளி கட்டினார்கள். ஒரு மரத்தைத் தாண்டினார்கள். அடுத்ததில் கிளையை வெட்டிக்கொண்டே நுழைந்தார்கள். "பாத்து, தல பாத்து" என்று செவ்வந்தி கூடவே ஓடினாள். அதற்கடுத்த மரத்துக்கு முன்னால் தூளியைக் கீழே வைத்தார்கள். சடையன் குனிந்து மூக்கருகே கை வைத்தான். பிறகு தலைத்துண்டை அவிழ்த்தான்.

"ஏன் நிக்கறீங்க?" என்றாள் செவ்வந்தி. "தூக்குங்கடா, தம்பிங்களா. ஒரு மரந்தானே?"

யாரும் குனியவில்லை.