சிவப்புக்குப் போன முள்

கிட்வாய் நகர் காலனி கேட்டைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பில் போய் நின்றது. என் கணவன் ப்ரசன்னா சட்டென்று காரை நிறுத்தி இன்ஜினை அணைத்தான். கோல் மார்க்கெட் பக்கத்துப் பள்ளியில் இலாகா பரீட்சை. ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. விட்டால் ரிடையர் ஆகும் வரை கிளார்க்தான்.

"நேத்து வரைக்கும் நன்னாத்தானே ஓடித்து? இன்ஜின் காயிலையும் பிளக்கையும் நானே மாத்தறேன்னு உன்னை யார் குதிக்கச் சொன்னா?"

"கத்தாதே சுபா. ஆப்ல டாக்ஸி பாரு."

பார்த்தேன். காலைப் பனிமூட்டத்தில் ஒருத்தனும் வருவதாக இல்லை.

"முள் கிடக்கட்டும், நீ ஓட்டு!"

ப்ரசன்னா வலது கையைக் காட்டினான். போன வருஷம் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது பீய்ச்சியடித்த வெந்நீர் போட்ட தழும்பு.

பானெட்டைத் திறந்தோம். காலனி வாட்ச்மேன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். வந்த வேகத்தில் நேரே அந்த மூடியில் கை வைத்தார்.

"தொடாதே!" என்று அலறினேன். பயத்தில் தமிழ்தான் வந்தது.

"தோடா தே? அச்சா மேடம்," என்றார் அவர். இந்தியில் 'கொஞ்சம் கொடு' என்று நான் சொன்னதாக நினைத்து, மூடியைக் கொஞ்சமாகத் திருகினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆவி இல்லை, சத்தம் இல்லை. ப்ரசன்னா தயங்கித் தயங்கி, தழும்புக் கையாலேயே ரேடியேட்டரைத் தொட்டான்.

"ஜில்லுனு இருக்கு சுபா! முள்ளுதான் பொய் சொல்றது."

அப்படியானால் நேற்று இவன் கை வைத்த இடம்தான். குனிந்து தேடினோம். புதுக் காயிலுக்கு அடியில் ஒரு வயர் நசுங்கி, தோல் உரிந்து இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. சூட்டை அளக்கும் சென்சாரின் வயர்; அது இரும்பில் பட்டதால்தான் முள் சிவப்புக்கு ஏறியிருக்கிறது. போல்ட்டைத் தளர்த்தி, வயரை வெளியே இழுத்து டேப் சுற்றினான். காரைக் கிளப்பினான். முள் கீழேயே கிடந்தது.

"ஜல்தி!" என்றேன். வழியெல்லாம் அவனைத் திட்டினேன். திட்டாவிட்டால் அழுதிருப்பேன்.

பள்ளி வாசலில் காவலர் கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார். ஹால் டிக்கெட்டை ஆட்டியபடி ஓடினேன். மூச்சு வாங்கியது. கெஞ்சுவதற்கு இந்தியில் ஒரே ஒரு சொல்தான் வாயில் வந்தது.

"தோடா... தோடா!"

அவர் கேட்டைக் கொஞ்சம் திறந்தார்.