இடது பக்கம் ஒரு மானிட்டர்

கடைப் பெண் அல்ஷிஃபா இரண்டாவது மானிட்டரையும் தூக்கி வந்து முதலாவதற்கு இடது பக்கத்தில் வைத்தாள். பாலக்கரையில் அந்தக் கம்ப்யூட்டர் கடையின் மாடியில், காலை பதினொரு மணிக்கு, கமலினியையும் என்னையும் தவிர வேறு வாடிக்கையாளர் இல்லை. யாராவது வந்து அந்தப் பெண்ணைக் கீழே கூப்பிட்டுக்கொண்டு போனால் தேவலை என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை.

"கோடிங் பண்றவங்க எல்லாரும் இப்ப ரெண்டுதான்க்கா எடுக்கிறாங்க. ஒண்ணுல எழுதலாம், இன்னொண்ணுல கேமை ஓட விட்டுப் பாக்கலாம். உக்காந்து பாருங்க," என்றாள் அவள்.

"அதைத்தான் நானும் ஒரு மாசமா சொல்லிண்டிருக்கேன். இவ கேட்டாத்தானே," என்றாள் கமலினி.

கமலினியும் நானும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறோம். ஸ்ரீரங்கத்தில் அவள் வீட்டு மாடி அறைதான் ஆபீஸ். அவள் படம் வரைவாள். அதை ஓட வைக்கும் நிரல் முழுக்க என்னுடையது. கொள்ளிடத்து வெள்ளத்தில் ஒரு பெண் பரிசல் ஓட்டிக்கொண்டு போகிறாள். இரண்டு கரைகளிலிருந்தும் மரக்கட்டை, வாழைமரம், வைக்கோல் போர் எல்லாம் மிதந்து வந்து மோதும். மோதாமல் கரை சேர வேண்டும், அவ்வளவுதான் கதை. இதற்காக இரண்டு வருடமாக லால்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்து போய்க்கொண்டிருக்கிறேன். போன மாதம் சென்னைக் கம்பெனி ஒன்று எடுத்துக்கொள்கிறோம் என்றது. திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்து. இன்னும் இரண்டு வருடத்துக்கு நிரல் வேலை முழுவதும் என் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. பழைய மானிட்டரில் கோடு கோடாக விழ ஆரம்பித்துவிட்டதால் அவர்கள் வருமுன் புதிது வாங்கக் கிளம்பினோம்.

கமலினி பதினொரு வருடமாக ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். நாளைக் காலை வேலையை விட்டுவிடப் போகிறாள். ராஜினாமாக் கடிதம் அவள் கைப்பையில் இருந்தது. வரும்போது ஆட்டோவில் எடுத்துக் காட்டினாள். "உன்னை நம்பித்தான்டி இதுல கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். என் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஏனென்றால் எனக்கு இடது பக்கம் கண் தெரியாது. ஒன்றரை வருடத்துக்கு முன் தில்லைநகரில் ஒரு கண் டாக்டர் என் தலையை வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். நான் நன்றாக அமுக்கியதாகத்தான் நினைத்தேன். வெளியே வந்த காகிதத்தில் இடது பக்கம் மை கொட்டினாற்போல் இருந்தது. கண்ணில் அழுத்தம், இடது கண் பெரும்பாலும் போய்விட்டது, வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பாதியில் ஆரம்பித்திருக்கிறது. போனது போனதுதான் அம்மா, இருப்பதைக் காப்பாற்றுவோம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அந்தப் பாட்டில் என் சாப்பாட்டுப் பையில் கைக்குட்டைக்குள் இருக்கிறது. கமலினிக்குத் தெரியாது.

ஒளித்து வைப்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. மாடி அறையில் என் நாற்காலிக்கு இடது பக்கம் சுவர். நானே கேட்டு வாங்கிய இடம். அவள் நீட்டிய காபி டம்ளரை மூன்று தடவை தட்டிவிட்டிருக்கிறேன். "எப்பப் பாரு யோசனை," என்று அவளே எனக்குச் சமாதானமும் சொல்லிவிடுவாள். நாலு நாள் போகட்டும், கையெழுத்து ஆகட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். கையெழுத்தான பிறகு சொன்னால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

"ஒண்ணே போதும். இருபத்திநாலு இஞ்ச். மேஜையில இடம் கிடையாது," என்றேன்.

"மேஜையை மாத்திக்கலாம்."

"ரூம்ல சூடு ஏறும்."

"என்னடி இது, அடுப்பா வாங்கறோம்?" கமலினி அல்ஷிஃபாவைப் பார்த்து, "நீ ரெண்டையும் கனெக்ட் பண்ணும்மா. எங்க கேமையே போட்டுப் பாத்துடலாம்," என்றாள்.

லேப்டாப்பைக் கேபிளில் செருகினார்கள். இடது திரையில் என் கோப்புகள், வலது திரையில் பரிசல். உட்கார் என்று என்னைச் சொன்னார்கள். விளையாட அல்ஷிஃபாவைச் சொல்லுங்கள், அவளால்தான் திரையின் தரத்தைச் சொல்ல முடியும் என்று ஏதோ உளறினேன். அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் பின்னால் நின்றேன், எப்போதும்போல் கமலினிக்கு இடது பக்கமாக, அவள் எனக்கு வலது பக்கம் இருக்கிற மாதிரி.

முதல் தடவை வைக்கோல் போரில் மோதிப் பரிசல் கவிழ்ந்தது. இரண்டாம் தடவை அவள் பரிசலை இடது கரையோரம் ஒதுக்கினாள். பிறகு ஒன்றுமே மோதவில்லை. ஒரு கட்டை வந்தது, ஊர்ந்துகொண்டு வந்தது, அவள் சாவகாசமாக விலகினாள். அப்புறம் அதுவும் இல்லை. அவள் திரையைப் பார்க்காமல் எங்களைத் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டினாள்.

"இந்தப் பக்கமே போனா ஒண்ணும் வராது போலக்கா," என்றாள். "படம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் ஈஸியா இருக்கு."

இரண்டு கரைக்கும் சமமாகத்தான் செய்கிறேன் என்று சத்தியமாக நம்பியிருந்தேன். கமலினிக்கு விளையாட வராது. நிறம் சரியா என்று மட்டும் பார்ப்பாள். தினம் நூறு தடவை ஓட்டிப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கமலினி குனிந்து மௌஸை எடுத்தாள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதை மாற்றினாலும் தேதி போட்டு, ஏன் மாற்றினோம் என்று தமிழில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அவளுக்கு நிரல் புரியாது என்பதற்காக நான் கொண்டுவந்த வழக்கம் அது. அந்தக் கோப்பைத்தான் அவள் இடது திரையில் திறந்தாள். அவள் வாசிப்பது மட்டும் எனக்குக் கேட்டது.

"ஆடி மூணாம் தேதி. இடது கட்டை ரொம்ப வேகம், குறைத்தேன்." நிறுத்தினாள். "ஆவணி. இடது வாழைமரம் திடீரென்று வருகிறது, குறைத்தேன். ஐப்பசி. இடது கட்டை திடீரென்று வருகிறது, எடுத்துவிட்டேன். மார்கழி. இடது வைக்கோல் போர், திடீரென்று." குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. "பதினேழு இருக்கு. வலது பக்கத்துக்கு ஒண்ணுகூட இல்லை."

"பேலன்ஸ் பண்ணேன். இன்னிக்கே சரி பண்ணிடறேன்," என்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு அது மெதுவா வரது. எனக்கும் மெதுவாத்தான் தெரியறது." கமலினி நிமிர்ந்தாள். "உனக்கு மட்டும் எப்படிடி திடீர்னு வரது?"

அல்ஷிஃபா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "டீ சொல்லிட்டு வரேன்க்கா," என்று கீழே இறங்கிப் போனாள். நல்ல பெண்.

கமலினி கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அது எனக்கு நன்றாக வரும். அவள் கோபப்படவில்லை. காபி டம்ளர்களையும், நான் கேட்டு வாங்கிய சுவரையும் அவள் மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காரு."

உட்கார்ந்தேன்.

"நான் ஒண்ணும் கேக்கலை. மானிட்டர் வாங்கத்தானே வந்தோம், அதை மட்டும் சொல்லு. ஒண்ணா, ரெண்டா?"

ரெண்டு என்று சொல்லிவிடலாம். அவள் நம்ப விரும்பினாள், குரலில் இருந்தது. ரெண்டு என்று சொன்னால் நாளைக் காலை அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்தக் கடிதத்தைக் கொடுப்பாள், திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடுவேன், இடது பக்கத்து மானிட்டர் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

"ஒண்ணு," என்றேன். "அதையும் நடுவுல வைக்காத கமலி. வலது பக்கம் தள்ளி வை. இடது பக்கம் வச்சா எனக்குத் தெரியாது. ஒண்ணரை வருஷமாவே தெரியல."

அவள் என் வலது பக்கத்திலேயே நின்றாள். புடவையின் நீலம் தெரிந்தது. பிறகு அந்த நீலம் என் பின்னால் நகர்ந்து இடது பக்கம் போய் இல்லாமல் ஆகிவிட்டது. செருப்புச் சத்தம் இரண்டு அடி கேட்டு நின்றது.

திரையில் பரிசலை ஓட்ட ஆளில்லை. அது தானாகவே மெல்ல இடது கரைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தது. நான் கண்ணை அசைக்காமல் திரையின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன், பாதிப் பரிசல் தெரியும்வரை, அப்புறம் துடுப்பு மட்டும் தெரியும்வரை. இடது பக்கத்தில், மிக அருகில், அந்தக் கடிதம் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது.