வாசல்காரன் பங்கு

"நம்பர் குடு, நான் பேசுறேன்" என்றார் ஆதிநாராயணன். செஞ்சி காந்தி பஜாரில் கடலை மண்டி வைத்திருக்கும் மனிதர். லாரிக்காரனோ, ஆயில் மில்காரனோ, ஈ.பி. ஆபீஸ்காரனோ, யாராக இருந்தாலும் போனில் பத்து நிமிஷம் கத்தினால் வழிக்கு வந்துவிடுவான் என்பது அவர் அனுபவம்.

"நம்பரே கிடையாது நைனா" என்றாள் மகள் பிருந்தா. "மெயில்தான் போடணும். போட்டுட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"மெஷின் பதில் போட்டுது. விதிய மீறிட்டோமாம். அவ்ளோதான்."

"மெஷினா! ஒருத்தன் பொழப்ப இழுத்து மூடுறான், வந்து மூஞ்சிய காட்ட ஒரு ஆளுகூடவா இல்ல அவன்கிட்ட?" என்று அவர் போட்ட சத்தத்தில், எடைமேடைப் பக்கம் நின்றிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூடப்பட்டது பிருந்தாவின் ஆப். குரூப் ஃபோர் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கான பாடங்கள், அத்தனையும் அவள் குரலிலேயே. சிங்கவரத்திலும் தொண்டூரிலும் செடியிலிருந்து கடலை ஆயப் போகிற பெண்கள், ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டபடியே வேலை செய்வார்கள். கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணமும் கிடையாது, புத்தகத்தை விரித்து உட்கார நேரமும் கிடையாது என்கிற பிள்ளைகள். மாதம் நூறு ரூபாய். அந்த நூறில் முப்பதை, ஆப்களைத் தருகிற அந்த ஸ்டோர் எடுத்துக்கொள்ளும். வாங்குகிற போனிலேயே அந்த ஸ்டோரும் சேர்ந்துதான் வருகிறது. வேறு இடத்தில் இறக்கிக்கொள்ளலாம் என்று பேருக்குச் சொல்வார்கள். செஞ்சிப் பக்கம் அதை யார் கண்டது?

"முப்பதா! எதுக்கு? அவன் பாடம் எடுத்தானா, மைக்கு வாங்கித் தந்தானா?" என்று ஆதிநாராயணன் கேள்விப்பட்ட அன்றே குதித்தார். யோசனை சொன்னதும் அவர்தான். 'காந்தி பஜார் மண்டியில் நேரில் கட்டினால் எழுபது ரூபாய்' என்று ஆப்பிலேயே ஒரு வரி போடச் சொன்னார். பஜாரில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு இதில் தப்பு எங்கே தெரியப்போகிறது? தேடி வந்து கையில் காசு வைக்கிறவனுக்கு விலையைக் குறைத்துக் கொடுப்பது இந்தத் தெருவில் நாலு தலைமுறை வழக்கம். பிருந்தா தயங்கினாள். "நம்ம சரக்கு, நம்ம வெல. எவன் கேப்பான்?" என்று அதட்டிப் போட வைத்தார்.

கேட்டுவிட்டான். வெளியே பணம் கட்ட வழி காட்டுவது குற்றமாம். திங்கட்கிழமை காலையில் ஸ்டோரில் ஆப் இல்லை. ஏற்கெனவே வைத்திருந்தவர்களின் போனில், இது நம்பத்தகாத ஆப், நீக்கிவிடுங்கள் என்று சிவப்பில் எச்சரிக்கை. பயந்துபோய்ப் பாதிப் பேர் அழித்துவிட்டார்கள். அழித்தவர்கள் மறுபடி இறக்க முடியாது. தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. என்ன அநியாயம் பாருங்கள், வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதே பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு போவது மாதிரி!

அந்த நேரம் பார்த்து பிருந்தாவின் போன் அடித்தது. சிங்கவரத்துத் தமிழினி.

"அக்கா, நான் அழிச்சிட்டேன்கா. இப்ப தேடுனா வரவே மாட்டேங்குது. பாடம், டெஸ்டு எல்லாம் அதுலதான்கா இருக்குது. இந்த வாட்டியும் போச்சுன்னா நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயாவணும், வீட்ல சொல்லிட்டாங்க."

"வந்துடும்மா. அதுவரைக்கும் நீ குறிச்சு வச்சத பாத்துகினு இரு" என்று சொல்லி வைத்துவிட்டு, பிருந்தா லேப்டாப்பைத் திறந்தாள். "நைனா, அந்த வரிய எடுத்துட்டு, இனிமே செய்ய மாட்டேன்னு ஒத்துகிட்டா திருப்பி வுட்டுடுவாங்க. ஒத்துக்கப் போறேன்."

"ஒத்துக்காத!" ஆதிநாராயணன் கல்லாவை விட்டு எழுந்தே விட்டார். "இன்னா தப்பு பண்ண நீ? திருடுனியா? ஒத்துகினா அவன் சொல்றது நியாயம்னு ஆயிடும். இதையெல்லாம் கேக்கறதுக்கு கவர்மெண்ட்டுன்னு ஒண்ணு இல்ல? டெல்லியில ஆணையம் இருக்குதுன்னு நீதான சொன்ன?"

"வியாபாரப் போட்டி ஆணையம். இருக்குது. ஆனா அது முடிய வருஷக்கணக்கா ஆவும்."

"ஆவட்டும். எழுது. நான் சொல்றேன்."

அவருக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் மனு என்றால் அவரை அடிக்க ஆள் இல்லை. வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர். கலெக்டருக்குப் போகிற மனு எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தபடி சொல்ல ஆரம்பித்தார்.

"உள்ள போவ ஒரே வாசல். அந்த வாசல்ல ஒருத்தன் நின்னுகினு, பாடுபடாமலே பங்கு கேக்குறான். எவ்ளோ பங்குன்னு அவனே வைக்கிறான். நமக்கு வேற போக்கிடம் இல்லன்னு அவனுக்குத் தெரியும். விக்கிறவனும் வாங்குறவனும் நேருக்கு நேரா பேசிக்கக் கூடாதுன்றான். ஏன்னு கேட்டா கதவ சாத்துறான். வயித்துல அடிச்சிட்டு, நான் இல்லன்னா உன் சரக்க யாரு சீந்துவான்றான். இத அரசாங்கம் வேடிக்க பாத்துகினு இருந்தா, நாங்க எங்க போயி முட்டிக்கறது? பங்கு இவ்ளோதான்னு ஒரு வரம்பு வைக்கணும். எழுதிகினியா?"

பிருந்தாவின் கை பாதியிலேயே நின்றிருந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, கல்லாவுக்கு முன்னால் நின்ற ஆளைப் பார்த்தாள்.

தமிழினியின் அப்பா இளையபெருமாள். குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் விளைந்த கடலையை விடிகாலையிலேயே கொண்டுவந்து போட்டிருந்தார். எடை முடிந்து, மண்டிக் கமிஷன் போக மீதியை வாங்க நின்றிருந்தவரின் கண் கலங்கியிருந்தது.

"மொதலாளி," என்றார். "இத நீங்க எழுதுவீங்கன்னு சத்தியமா நான் கனவுலகூட நெனைக்கல. எங்க ஊர்ல எல்லாரும் வருவாங்க. எங்க கையெழுத்து போடணும், சொல்லுங்க."

ஆதிநாராயணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"யோவ், இது வேற! பாப்பாவோட ஆப்ப மூடிட்டான் ஒருத்தன். அவனப் பத்தி எழுதுறோம்."

"அப்டியா?" இளையபெருமாள் கூசிப்போனார். "நான் மண்டியப் பத்தின்னு நெனச்சிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க மொதலாளி." கொடுத்த பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் ஆதிநாராயணன் வெடித்தார்.

"அதுவும் இதுவும் ஒண்ணா? நான் இவனுங்களுக்கு விதைக்கு அட்வான்ஸ் தர்றேன். கெடங்கு வச்சிருக்கேன். மழையில நனையாம பாத்துக்கறேன். கமிஷன் வாங்குனா தப்பா?"

"ஸ்டோர்காரனும் அததான் நைனா சொல்றான்" என்றாள் பிருந்தா. "நான் எடம் தர்றேன், வைரஸ் வராம பாத்துக்கறேன், கோடி பேர உன் கடைக்கு கூட்டினு வர்றேன், பங்கு வாங்குனா தப்பான்றான்."

"அவன் நேரா விக்க வுட மாட்டேங்குறான்டி!"

"இந்த இளையபெருமாளு போன வருஷம் ஆயில் மில்லுக்கு நேரா ஓட்டிகினு போனாரே, மில்காரனுக்கு போன் போட்டு லோட திருப்பி அனுப்பச் சொன்னது யாரு?"

மகள் விடவில்லை. அவளுக்கும் காலையிலிருந்து அடக்கி வைத்த கோபம் இருந்தது, யார்மேல் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"கவர்மெண்ட்டு கமிட்டி யார்டுல ஏலம் வுட்டுதான் வாங்கணும், விவசாயிகிட்ட கமிஷன் புடிக்கக் கூடாதுன்னு அதிகாரிங்க சொல்றாங்க. அதுக்கு எதிரா சாயங்காலம் சங்கத்துல நீங்க இன்னா மனு படிக்கப் போறீங்க? வியாபாரத்துல அரசாங்கத்துக்கு இன்னா வேலன்னுதான? இத உங்க பேர்ல நான் டெல்லிக்கு அனுப்பட்டா? அனுப்பட்டா நைனா?"

அனுப்பு என்று சொல்லாமல் அவர் கல்லாப் பணத்தை மறுபடி எண்ண ஆரம்பித்தார். பிருந்தா பெருமூச்சு விட்டு, அந்த எழுபது ரூபாய் வரியை எடுத்தாள். ஒத்துக்கொள்கிறேன் என்ற இடத்தில் அழுத்தினாள். டெல்லிக்கான புகாரைத் தன் பேரில் அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் ஆப் திரும்பி வந்தது. இனி எல்லோருக்கும் நூறு ரூபாய்தான். தமிழினிக்குப் பாடம் கிடைத்துவிட்டது, அதற்காகப் பிருந்தா தலைகுனிய வேண்டியிருந்தது. அந்த அவமானம் ஆதிநாராயணனின் நெஞ்சைப் போட்டு அறுத்தது. எவனோ ஒரு முகம் தெரியாதவன் முன்னால் என் பெண் தப்பு பண்ணாமலே மன்னிப்புக் கேட்டுவிட்டாளே என்று பொருமிக்கொண்டேதான் சங்கக் கூட்டத்துக்கு நடந்தார். வழியெல்லாம் தன் பக்க நியாயத்தையும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். விதை, கிடங்கு, அட்வான்ஸ். சொல்லச் சொல்ல, மகள் சொன்ன ஸ்டோர்காரன் பேச்சுத்தான் காதில் விழுந்தது.

சங்கக் கட்டடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். தலைவர் விக்ரமன், அரிசி மண்டிக்காரர், மனுவை நீட்டினார். "செயலாளர் படிப்பாரு. கை தட்டுங்கப்பா."

ஆதிநாராயணன் அதை வாங்கி, தானே எழுதிய முதல் வரியைப் பார்த்தார். வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது. திருப்பி மேஜைமேல் வைத்தார்.

"நான் படிக்கல" என்றார். "கமிட்டி ஏலத்துக்கு நாம ஒத்துக்கலாம்."

உடனே கூச்சல். கிறுக்கு பிடித்துவிட்டதா என்றார் ஒருவர். எத்தனை ரூபாய் வாங்கினாய் என்றார் இன்னொருவர். விக்ரமன் மட்டும் சிரித்தார். விஷயம் பஜார் முழுக்கப் பரவியிருந்தது.

"எனக்குத் தெரியும்யா. பொண்ணோட ஆப்ப புடுங்கிட்டாங்க. அதான் திடீர்னு நியாயம் பேசுறாரு. இத்தினி வருஷம் கமிஷன் புடிக்கறப்ப இனிச்சுது. சொந்தப் பொண்ணுக்கு அடி விழுந்ததும் வலிக்குது, இல்ல?"

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. ஆதிநாராயணனுக்குக் காது மடல் சூடேறியது. சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அது உண்மை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். போகவில்லை.

"ஆமாய்யா" என்றார். "அவளுக்கு விழுந்தப்புறந்தான் எனக்கு வலிச்சுது. உனக்கு வலிக்கணும்னா உன் வூட்ல யாருக்கு விழணும்? சொல்லு விக்ரமா, யாருக்கு?"